கவலைப்படுவது வியாதியா?

மனத்தின் அல்லல்களைச் சொல்வதற்குத் தமிழிலே பஞ்சம் கிடையாது. கவலை, விசாரம், ஏக்கம், சஞ்சலம், கலக்கம், பதைப்பு, திகில் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். பெண்ணுக்கு வரன் அமையவில்லையென்றால் விசாரம். பட்டணம் போன பிள்ளையிடமிருந்து செய்தி வராவிட்டால் கலக்கம். பரீட்சை முடிவு வெளியாகும் தினத்தன்று வயிற்றில் புளியைக் கரைக்கும். இப்பொழுது இத்தனை சொற்களும் ஏறக்குறைய ஓய்வு பெற்றுவிட்டன. அவை இருந்த இடத்திற்கு முதலில் 'டென்ஷன்' வந்தது. பின்னர் 'ஸ்டிரெஸ்' வந்தது. சில காலமாக 'ஆங்ஸைட்டி' என்பது திண்ணையைத் தாண்டிக் கூடத்திலேயே வந்து உட்கார்ந்திருக்கிறது.

சொல் மாறினால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்கலாம். இலக்கணம் கற்பிப்பதே தொழிலாகக் கொண்ட நமக்கு இதில் ஒரு விஷயம் உறுத்துகிறது. 'கவலைப்படுகிறேன்' என்று ஒருவன் சொல்லும்போது, கவலைப்படுவது அவன் செய்யும் ஒரு காரியம். எதைக் குறித்துக் கவலை என்று அடுத்தபடி கேட்கத் தோன்றும். 'எனக்கு ஆங்ஸைட்டி இருக்கிறது' என்று சொல்லும்போதோ, அது சர்க்கரை வியாதியையும் இரத்தக் கொதிப்பையும் போல் அவனிடம் குடிவந்த ஒரு பொருளாகிவிடுகிறது. எதைக் குறித்து என்று யாரும் கேட்பதில்லை. எந்த டாக்டரிடம் காட்டினாய் என்றுதான் கேட்கிறார்கள்.

மனிதனுக்கு இயல்பாக உள்ள கவலையையும் அச்சத்தையும் நாம் அவசரப்பட்டு வியாதி என்று அழைக்கிறோமா? இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. வியாதி அல்லாததை வியாதி என்றால், ஒரு குழந்தை வேண்டாத மருந்தையும், அதைவிடக் கெடுதலான ஓர் எண்ணத்தையும் ஆயுள் முழுதும் சுமக்க நேரிடலாம். வியாதியை 'வெறும் கவலை' என்று தள்ளிவிட்டாலோ, ஓர் உயிருக்கே ஆபத்து வரலாம். பாதையின் இரு புறத்திலும் பள்ளம் இருப்பதால், சற்று நிதானித்தே நடக்க வேண்டும்.

பயம் செய்யும் ஊழியம்

முதலில், பயம் என்பது உடம்பில் என்ன செய்கிறது என்று பார்ப்போம். ஹார்வர்டு சர்வகலாசாலையில் சரீர சாஸ்திரப் பேராசிரியராக இருந்த வால்டர் கானன் என்பவர் 1915-ம் வருஷத்தில் இதைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். ஆபத்தை உணர்ந்ததும் அட்ரீனல் சுரப்பியிலிருந்து அட்ரீனலின் என்ற சத்து இரத்தத்தில் கலக்கிறது, இருதயம் வேகமாக அடிக்கிறது, மூச்சு விரைகிறது, இரத்தம் வயிற்றை விட்டுக் கை கால் தசைகளுக்குப் பாய்கிறது, ஜீரண வேலை நின்றுபோகிறது. போரிடவோ அல்லது ஓட்டம் பிடிக்கவோ உடம்பு இவ்விதம் ஆயத்தமாகிறது என்று அவர் விளக்கினார். பரீட்சை நாள் காலையில் இட்டிலி உள்ளே இறங்கவில்லை என்று தாயார் வருந்துகிறாளே, அதன் காரணம் இதுதான். பையனுடைய உடம்பு பழுதாகிவிடவில்லை. செய்ய வேண்டிய ஊழியத்தைத்தான் செய்கிறது.

1908-ம் வருஷத்தில் யெர்க்ஸ், டாட்ஸன் என்ற இரு அமெரிக்கர்கள் சுண்டெலிகளை வைத்து ஒரு சோதனை நடத்தினார்கள். தவறான வழியில் நுழைந்தால் மெல்லிய மின்சார அதிர்ச்சி கிடைக்கும். அதிர்ச்சி மிகவும் குறைவாக இருந்தபோது எலிகள் மெதுவாகவே கற்றன. காரியம் கடினமாக இருக்கும்போது அதிர்ச்சியை மிகவும் கூட்டினாலும் கற்பது தாமதப்பட்டது. நடுத்தரமான அளவே அதிகப் பயன் தந்தது. எலிகளிடம் கண்டது அனைத்தும் மனிதருக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது. எனினும், கொஞ்சமும் பயமில்லாத மாணவன் புத்தகத்தைத் திறப்பதே இல்லை, பயத்தில் மூழ்கியவனுக்கு எழுத்தே தெரிவதில்லை என்பதை உபாத்தியாயர்கள் யாவரும் அறிவார்கள்.

'ஸ்டிரெஸ்' என்ற சொல்லை வைத்திய உலகில் பரப்பியவர் ஹான்ஸ் ஸெல்யே. வியன்னாவில் பிறந்து கனடா நாட்டின் மான்ட்ரீயல் நகரில் ஆராய்ச்சி செய்தவர். குளிர், காயம், விஷம் என்று எந்தத் துன்பத்திற்கு ஆளாக்கினாலும் எலிகளின் உடம்பில் ஒரே விதமான மாறுதல்கள் உண்டாவதை 1936-ல் அவர் எடுத்துக் காட்டினார். பிற்காலத்தில், நன்மை பயக்கும் ஸ்டிரெஸும் உண்டு என்று அவரே பிரித்துச் சொன்னார். உலகம் அந்தப் பாதியை மறந்துவிட்டு, மற்றப் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டது.

வேலனை அழைத்த தாய்

துன்பத்தைக் கண்டதும் வியாதி என்று தீர்மானிப்பது ஏதோ நவநாகரிகத்தின் குற்றம் என்று எண்ணிவிட வேண்டாம். சங்க நூல்களில் வெறியாட்டு என்று ஒரு துறை உண்டு. தலைவனிடம் மனத்தைப் பறிகொடுத்த பெண் அவனைக் காணாமல் மெலிகிறாள். கை வளை கழல்கிறது. மேனியில் பசலை படர்கிறது. தாய்க்குக் காரணம் தெரியவில்லை. கழங்கிட்டுக் குறி பார்க்கிறார்கள். முருகன் அணங்கியதால் வந்த நோய் என்று முடிவாகிறது. வேலன் வருகிறான், களம் இழைக்கிறான், ஆட்டு மறியைப் பலியிட்டு ஆடுகிறான். பெண்ணின் நோய் இன்னதென்று தோழிக்கு மட்டும் தெரியும். எத்தனை ஆடு அறுத்தாலும் தலைவன் வந்தாலன்றி அது தீரப்போவதில்லை.

இந்தக் காட்சியில் யாரும் கெட்டவர்கள் அல்லர். பெண்ணின் துன்பம் பொய் அன்று. தாயின் அன்பும் பொய் அன்று. வேலன்கூடத் தன் தொழிலைத்தான் செய்கிறான். துன்பத்துக்குச் சூட்டிய பெயர் மட்டும் தவறிப்போயிற்று. அதனால் பரிகாரம் வேறு விலாசத்துக்குப் போய்ச் சேர்ந்தது. பழந்தமிழில் 'நோய்' என்ற சொல் துன்பத்தையும் குறிக்கும், பிணியையும் குறிக்கும். ஆகவே நோய் என்று சொன்னதில் பிழையில்லை. எந்த வகை நோய் என்று விசாரியாமல் களம் அமைத்ததுதான் பிழை.

நரம்புத் தளர்ச்சியின் கதை

மேனாட்டிலும் இக்கதை நடந்திருக்கிறது. அமெரிக்க டாக்டர் ஜார்ஜ் பியர்டு என்பவர் 1869-ல் 'நியூராஸ்தீனியா' என்ற வியாதியைப் பற்றி எழுதினார். களைப்பு, தூக்கமின்மை, தலைவலி, அஜீரணம், இனந்தெரியாத பயம் ஆகிய எல்லாம் அதன் குறிகள். நரம்புகளில் உள்ள சக்தி செலவழிந்து போவதே காரணம் என்பது அவர் கொள்கை. 1881-ல் வெளியிட்ட நூலில், நீராவி இயந்திரம், தந்தி, பத்திரிகைகள், விஞ்ஞானம், ஸ்திரீகளின் அறிவு முயற்சி ஆகிய ஐந்தும் இவ்வியாதியைப் பெருக்குகின்றன என்றார். நாகரிகம் உள்ளவர்களுக்கே வரும் வியாதி என்று பெயர் பெற்றுவிட்டதால், அது வந்திருப்பதாகச் சொல்லிக்கொள்வதில் சிலருக்குப் பெருமையும் இருந்தது!

இதற்கு ஸைலஸ் வீர் மிச்செல் என்ற டாக்டர் கண்ட சிகிச்சை பூரண ஓய்வு. வாரக்கணக்கில் படுக்கையிலேயே கிடக்க வேண்டும். பால் முதலிய புஷ்டியான உணவு அருந்த வேண்டும். படிக்கவும் எழுதவும் கூடாது. சார்லட் பெர்க்கின்ஸ் கில்மன் என்ற எழுத்தாளர் 1887-ல் இந்தச் சிகிச்சைக்கு உட்பட்டார். அது தம்மைச் சித்தப் பிரமையின் விளிம்பு வரையில் கொண்டுபோய்விட்டதாகப் பின்னர் எழுதினார். எழுதுவதற்கே பிறந்தவளிடம் எழுதுகோலைப் பிடுங்கிக்கொள்வது எப்படி மருந்தாகும்?

'நியூராஸ்தீனியா' கடல் கடந்து நம் நாட்டுக்கும் வந்தது. 'நரம்புத் தளர்ச்சி' என்ற பெயரில் அது பத்திரிகை விளம்பரங்களிலும் சுவர்களிலும் குடியேறிற்று. எத்தனையோ வாலிபர்கள் தங்களுக்கு ஒரு கேடும் இல்லாமலே லேகியத்துக்கும் டானிக்குக்கும் காசைக் கொட்டினார்கள். அமெரிக்க மனோவைத்தியர் சங்கமோ 1980-ல் தனது வியாதிப் பட்டியலிலிருந்து நியூராஸ்தீனியாவை நீக்கிவிட்டது. அவ்வியாதிக்காரர்கள் எல்லாரும் ஒரே நாளில் சொஸ்தமாகிவிடவில்லை. வேறு பெயர்களின் கீழ்ப் பங்கிட்டுக்கொள்ளப்பட்டார்கள்.

புத்தகமும் மாத்திரையும்

அந்தப் பட்டியலைப் பற்றியும் சில வார்த்தைகள் சொல்ல வேண்டும். மனோவியாதிகளை வகைப்படுத்தி மேற்படி சங்கம் 1952-ல் முதன்முதலாக ஒரு புத்தகம் வெளியிட்டது. அதில் சுமார் 130 பக்கங்கள். 2013-ல் வெளிவந்த ஐந்தாம் பதிப்பில் 900 பக்கங்களுக்கு மேல். வைத்திய அறிவு வளர்ந்ததால் பக்கங்களும் வளர்ந்தன என்பது ஓரளவு உண்மையே. ஆனால் வேலி நகர்ந்ததாலும் வளர்ந்தன. 1980-ம் வருஷப் பதிப்பில், நெருங்கியவர்களைப் பறிகொடுத்தவர்கள் சோர்ந்து கிடந்தால் அதை இயல்பான துக்கம் என்று கருத இடம் வைத்திருந்தார்கள். 2013-ம் வருஷப் பதிப்பில் அந்த விதிவிலக்கு எடுக்கப்பட்டது. துக்கத்தோடு துக்கமாகக் கொடிய மனச்சோர்வும் வரக்கூடும், அவர்களுக்குச் சிகிச்சையை மறுக்கலாகாது என்பது அதை எடுத்தவர்களின் வாதம். அதுவும் நியாயமான வாதமே. ஆனால் 1994-ம் வருஷப் பதிப்புக்குத் தலைமை வகித்த டாக்டர் ஆலன் பிரான்ஸெஸ், இவ்விதம் வேலியை நகர்த்திக்கொண்டே போனால் இயல்பான மனிதன் என்று ஒருவனும் மிஞ்சமாட்டான் என்ற கருத்தில் ஒரு தனி நூலே எழுதினார். வீட்டைக் கட்டிய கொத்தனாரே விரிசலைக் காட்டும்போது நாம் கவனிக்கத்தானே வேண்டும்?

புத்தகத்துக்குத் துணையாக மாத்திரை வந்தது. மனத்தைச் சாந்தப்படுத்தும் 'மில்டவுன்' 1955-ல் அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது. 1960-ல் 'லிப்ரியம்', 1963-ல் 'வாலியம்'. 1970-களில் அமெரிக்க டாக்டர்கள் மிக அதிகமாக எழுதிக் கொடுத்த மருந்துகளில் வாலியம் ஒன்று. நாளடைவில் அதை விட முடியாமல் பலர் தவித்தது தெரிய வந்தது. 1999-ல் வேறொரு வகை மாத்திரைக்கு, மனிதர்களோடு பழக அஞ்சும் வியாதிக்காகவும் விற்க அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. சிலருக்கு மற்ற மனிதர்களே ஒவ்வாத பொருளாகிவிடுகிறார்கள் என்ற தோரணையில் விளம்பரங்கள் புறப்பட்டன. அவ்வியாதியால் மெய்யாகவே முடங்கிக் கிடந்தவர்களுக்கு அது நற்செய்தி. ஆனால் வெறும் சங்கோஜம் உள்ள இலட்சக்கணக்கானவர்களும் அந்த விளம்பரத்தைப் பார்த்தார்கள் அல்லவா?

மறுபக்கம்

இதுவரையில் படித்துவிட்டு, "அப்பொழுதே சொன்னேன், எல்லாம் சும்மா! எங்கள் காலத்தில் இந்த வியாதியெல்லாம் ஏது?" என்று எந்தப் பெரியவராவது துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டால், அவரைச் சற்று உட்காரும்படி வேண்டிக்கொள்கிறோம். அந்தக் காலத்திலும் வியாதி இருந்தது. கிணறும் இருந்தது, அரளி விதையும் இருந்தது. பெயர் தெரியாமல் போனவர்களின் கணக்கு நம்மிடம் இல்லை, அவ்வளவுதான்.

பெங்களூரில் உள்ள நிம்ஹான்ஸ் ஸ்தாபனம் 2015-16-ல் பன்னிரண்டு ராஜ்யங்களில் ஒரு பெரிய கணக்கெடுப்பை நடத்திற்று. வயது வந்தவர்களில் சுமார் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு ஏதோ ஒரு மனோவியாதி இருப்பதாக அது கண்டது. வியாதிக்குத் தக்கபடி, 70 முதல் 92 சதவீதம் வரையில் உள்ளவர்களுக்குச் சிகிச்சையே கிடைக்கவில்லை. இவ்வாறு, வேண்டாதவர்களுக்கு வைத்தியம் மிகுந்தும், வேண்டியவர்களுக்கு வைத்தியம் இல்லாமலும் இருக்கும் விசித்திரத்தை ஒரே ஊரில், சில சமயம் ஒரே தெருவில் காணலாம்.

நமக்குத் தெரிந்த ஒரு மாணவன் கணக்கில் சூரன். பத்தாவது வகுப்பில் அவன் கைகளை அடிக்கடி கழுவத் தொடங்கினான். நாளடைவில் தோல் உரிந்து இரத்தம் கசியும் வரையில் கழுவினான். எழுதிய விடையையே பத்து முறை அழித்து எழுதினான். இரவில் தூக்கம் இல்லை. வீட்டார், "பரீட்சை பயம், எல்லாருக்கும் வருவதுதான்" என்றார்கள். மந்திரித்துத் தாயத்துக் கட்டினார்கள். ஒரு வருஷம் வீணாயிற்று. பிறகு சர்க்கார் ஆஸ்பத்திரியில் மனோவைத்தியரிடம் காட்டினார்கள். மருந்தும் பயிற்சியுமாகச் சில மாதங்களில் அவன் தேறினான். பின்னர் காலேஜிலும் சேர்ந்தான். அவனிடம் போய், "கவலைப்படாதே, தைரியமாக இரு" என்று உபதேசிப்பது, கால் எலும்பு முறிந்தவனை ஓடிப் பழகச் சொல்வது போலாகும்.

எப்படி அறிவது?

இரண்டையும் பிரித்தறிய வழி என்ன? இந்தியப் பார்லிமெண்டு 2017-ல் இயற்றிய மனநலப் பராமரிப்புச் சட்டம் ஒரு நல்ல உரைகல்லைத் தருகிறது. சிந்தனையிலோ, மனநிலையிலோ, உணர்விலோ, ஞாபகத்திலோ கணிசமான கோளாறு இருக்க வேண்டும். அதனால் விவேகமோ, நடத்தையோ, உண்மையை அறியும் திறனோ, அன்றாட வாழ்க்கையின் சாதாரணத் தேவைகளைச் சமாளிக்கும் சக்தியோ பெரிதும் குலைந்திருக்க வேண்டும். அதுவே மனோவியாதி என்பது அதன் சாரம்.

குடும்பஸ்தர்கள் தங்களுக்குள் நான்கு கேள்விகள் கேட்டுப் பார்க்கலாம். கவலைக்குக் காரணம் உண்டா? காரணத்தின் அளவுக்குக் கவலையின் அளவு பொருந்துகிறதா? காரணம் நீங்கிய பின்னும் கவலை நிற்கிறதா? உண்பது, உறங்குவது, படிப்பது, வேலைக்குப் போவது, மனிதரோடு பேசுவது ஆகியவை நின்றுபோயினவா? கடைசிக் கேள்விக்கு 'ஆம்' என்று பதில் வருமானால், முதல் மூன்றைப் பற்றித் தர்க்கம் செய்துகொண்டிராமல் டாக்டரிடம் போவதே முறை. "உயிரோடு இருந்து என்ன பயன்?" என்ற பேச்சு ஒரு முறை வாயில் வந்தாலும் அன்றைக்கே உதவி நாட வேண்டும். 14416 என்ற டெலிபோன் எண்ணில் மத்திய சர்க்கார் 2022 முதல் இதற்கென்றே 'டெலி-மானஸ்' என்ற உதவியை நடத்தி வருகிறது. டாக்டர் தந்த மாத்திரையை, இந்தக் கட்டுரையையோ வேறெந்தக் கட்டுரையையோ படித்துவிட்டு யாரும் தாமாக நிறுத்திவிடக் கூடாது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறோம்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். துன்பத்தை வியாதி என்று அழைத்தவுடன், துன்பம் தந்தது எது என்ற கேள்வி மறைந்துபோகிறது. இரவு பத்து மணி வரையில் வேலை வாங்கும் கம்பெனியில் ஒருவன் சோர்ந்துபோனால், பழுது அவனிடமா, கம்பெனியிடமா? உலக சுகாதார ஸ்தாபனம் இதில் ஜாக்கிரதையாக நடந்துகொண்டது. 2022-ல் அமுலுக்கு வந்த அதன் பதினோராவது பட்டியலில், வேலையால் உண்டாகும் இந்தச் சோர்வைத் தொழில் சம்பந்தமான ஒரு நிலை என்று குறிப்பிட்டதே தவிர, வியாதி என்று குறிப்பிடவில்லை. விடியற்காலை ஐந்து மணிக்கு ஒரு டியூஷன், பள்ளி விட்டதும் மற்றொரு டியூஷன் என்று ஓடும் குழந்தைக்குத் தலை வலித்தால், மாத்திரை தேடுமுன் அட்டவணையைப் பார்ப்பது நல்லது.

பள்ளிக்கூடத்திலே

பெயர் சூட்டுவதில் உள்ள அபாயத்தை நாம் நாள்தோறும் காண்கிறோம். ஒன்பதாவது வகுப்பு மாணவி ஒருத்தியின் தாயார், "இவளுக்கு ஆங்ஸைட்டி, எல்லார் முன்னிலையிலும் பேசச் சொல்லாதீர்கள்" என்று கடிதம் அனுப்பினார். எந்த டாக்டரும் அப்படிச் சொல்லவில்லை. செல்போனில் பார்த்துத் தீர்மானித்தது. தாயாருடைய அன்பில் குறையில்லை. ஆனால் பயந்த இடத்தை விட்டு விலகினால் பயம் குறைவதில்லை, வளர்கிறது என்பது மனோதத்துவம் நன்கு கண்ட உண்மை. மெய்யான பய வியாதிக்குக்கூட, அஞ்சிய பொருளைச் சிறிது சிறிதாக எதிர்கொள்ளப் பழக்குவதே சிறந்த சிகிச்சைகளில் ஒன்று. தாயாரிடம் பேசிச் சம்மதம் பெற்றோம். முதல் வாரம் மத்தியானச் சாப்பாட்டு வேளையில் இரண்டு தோழிகளுக்கு மட்டும் ஒரு கதை வாசித்தாள். அடுத்த வாரம் ஐந்து பேர். பிறகு பத்துப் பேர். வருஷ முடிவில் வகுப்பு முழுவதற்கும் வாசித்தாள். முழங்கால் நடுங்கிற்று, குரலும் நடுங்கிற்று, வாசித்து முடித்தாள். "பயம் போய்விட்டதா?" என்று கேட்டோம். "இல்லை ஸார், இருந்துகொண்டேதான் இருந்தது. ஆனால் படிக்க முடிந்தது" என்றாள். இதைவிட நல்ல பதிலை எந்தப் புஸ்தகத்திலும் நாம் படித்ததில்லை.

பிள்ளைகள் எல்லாருக்கும் மனச்சாந்திப் பயிற்சி கற்பித்துவிட்டால் தீர்ந்துவிடாதா என்று சிலர் எண்ணலாம். பிரிட்டனில் 85 பள்ளிகளில் 8,000-க்கு மேற்பட்ட பிள்ளைகளை வைத்து இதைச் சோதித்தார்கள். 2022-ல் முடிவு வெளியாயிற்று. வழக்கமான பாடங்களைப் படித்த பிள்ளைகளைவிட, தியானப் பயிற்சி பெற்றவர்கள் எந்த விதத்திலும் மேலான மனநிலையில் இல்லை. மனத்தை ஓயாமல் தோண்டித் தோண்டிப் பார்க்கச் சொன்னால், சாதாரண வருத்தமும் வியாதியாகத் தோன்றத் தொடங்கிவிடுமோ என்று லூஸி பௌல்க்ஸ் முதலிய ஆங்கில மனோதத்துவ அறிஞர்கள் 2023-ல் ஐயம் எழுப்பியிருக்கிறார்கள். அவர்களும் இதை ஓர் ஊகமாகவே கூறுகிறார்கள். ஆயினும் புறக்கணிக்கத் தக்க ஊகமன்று.

ஆகவே பெற்றோர்களுக்கு நாம் சொல்லிக்கொள்வது இதுவே. பிள்ளை வந்து, "எனக்கு ஆங்ஸைட்டியாக இருக்கிறது" என்றால் சிரிக்கவும் வேண்டாம். உடனே பதறவும் வேண்டாம். அந்தச் சொல்லைச் சற்றே ஒதுக்கி வைத்துவிட்டு, "என்னடா கண்ணு, எதை நினைத்துக் கவலைப்படுகிறாய்?" என்று நம் தமிழிலே கேளுங்கள். கேட்டபின் பதில் வரும் வரையில் செல்போனைத் தொடாமல் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். காரணம் வெளிவந்தால் பாதிக் கவலை அப்பொழுதே இறங்கிவிடும். பல நாள் கேட்டும் காரணம் வெளிவராமல், பிள்ளை உணவும் உறக்கமும் இன்றி ஒடுங்கிக்கொண்டே போகுமானால், ஜுரம் வந்த குழந்தையைத் தூக்கிச் செல்வதைப் போல, வெட்கமின்றி டாக்டரிடம் அழைத்துச் செல்லுங்கள்.